அடிவால்வுக்குப் போட்ட பசை

மூழ்கிய படகுகளைப் பார்த்து, எதனால் மூழ்கின என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் கூப்பிட்டால் போவேன். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் ராயபுரத்தில் ஒரு படகுப் பட்டறையில் பைபர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குப் படிப்பு. நான் எழுதிய அறிக்கைகளில் தப்பு இருந்தால் யாராவது கேட்பார்கள், திருத்திக் கொடுப்பேன். ஆனால் இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு எந்த அறிக்கையிலும் இல்லை. அது வாயால் செய்தது.

அந்தப் படகு எண்ணூரில் மணலில் சாய்ந்து கிடந்தது. உள்ளே இன்ஜின் வைத்த பைபர் படகு, முப்பது அடிக்கு மேல் இருக்கும். பைபர் படகு சில சமயம் முழுசாக அடிக்குப் போகாது. மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மிதக்கும். அப்படி மிதந்ததை இரண்டு லாஞ்சிகள் சேர்ந்து இழுத்து வந்திருந்தன. படகுக்காரர் இறந்துவிட்டார். நாற்பது வயசு.

கூடப் போய்ப் பிழைத்து வந்த இரண்டு பேர் சொன்னது இதுதான். காலை பத்து மணி. வலையை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று இன்ஜின் சத்தம் மாறியது. பலகையைத் தூக்கிப் பார்த்தால் இன்ஜின் பாதி தண்ணீரில் நிற்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. படகுக்காரர் லுங்கியை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டையைத் தேடி அடைக்க உள்ளே இறங்கினார். அவர் குனிந்திருக்கும்போதே படகின் பின்பக்கம் அமிழ்ந்தது. மற்ற இருவரும் காலி கேன்களைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். அவர் வெளியே வரவில்லை.

நான் போனபோது படகுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயசு இருக்கும். இறந்தவரின் மனைவிக்குத் தம்பி. தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் பிட்டர் வேலை செய்பவன். படகுக்கு இன்ஜின் வேலை, குழாய் வேலை எல்லாம் அவன்தான் பார்த்தானாம். "உள்ள போவணுமா சார்? லைட்டு கொண்டாரட்டா?" என்று கேட்டான்.

உள்ளே டீசலும் அழுகின மீனும் கலந்த நாற்றம். தவழ்ந்து போய் அடிவால்வைத் தொட்டுப் பார்த்தேன். படகின் அடியில் ஓட்டை போட்டு, கடல் தண்ணீரை உள்ளே எடுத்து இன்ஜினைக் குளிர வைக்கும் வால்வு அது. பித்தளை. கையால் ஆட்டினால் ஆடியது. ஆடவே கூடாது. நட்டைக் கழற்றினேன். பாதி ஏற்கெனவே கழன்றிருந்தது. வெளிப்பக்கம் வந்து வால்வின் விளிம்பை இழுத்தபோது, அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. நகத்தால் நோண்டினேன். முழு வளையமும் அறுபடாமல், கையிலிருந்து வளையல் கழற்றுகிற மாதிரி வந்துவிட்டது. உள்பக்கம் ஈரமாகப் பளபளத்தது. பைபரில் ஒரு பொட்டுக்கூட ஒட்டியிருக்கவில்லை.

பாத்ரூம் மூலைகளிலும் ஜன்னல் கண்ணாடிக்கும் போடுகிற சிலிக்கான் அது.

படகில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நீங்கள் என்ன பசை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மழை பெய்யும், காயும், ஒழுகினால் தெரியும். கீழே அப்படி இல்லை. அங்கே தண்ணீர் நாள் முழுக்க, மாதம் முழுக்க அழுத்திக்கொண்டே இருக்கும், இன்ஜின் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதற்கென்று பி.யூ. என்று சொல்கிற பசை இருக்கிறது. ஒட்டினால் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் நன்றாகக் காய ஒரு வாரம் கேட்கும். நாளைக்கு ஒருநாள் வால்வைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று நினைப்பவர்கள் பாலிசல்பைடு போடுவார்கள். அது கொஞ்சம் இளகிக் கொடுக்கும், தண்ணீரிலேயே கிடக்கும், ஆனால் சில பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். சிலிக்கான் இந்த இரண்டிலும் சேராது. முதலில் நன்றாகத்தான் இருக்கும். பிறகு தண்ணீர் அதற்கும் பைபருக்கும் நடுவில் மெல்ல நுழையும். ஒருதரம் அதைப் போட்ட இடத்தில் அப்புறம் நல்ல பசையும் சரியாகப் பிடிக்காது. இதையெல்லாம் பட்டறையில் சேர்ந்த முதல் மாதமே எவனும் தெரிந்துகொள்வான்.

வளையத்தை உள்ளங்கையில் வைத்தபடி நிமிர்ந்தேன். தம்பி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் சார் போட்டேன்" என்றான்.

"இது இன்னான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். டியூப் மூக்க வெட்னவொடனே வாசனை வந்திச்சி. புளிச்ச வாசனை. அப்பவே தெரிஞ்சிடுச்சி."

"தெரிஞ்சுமா போட்ட?"

"படக எறக்க கிரேன் வந்து நின்னுகினு கீது. மறாநாளு மீன்பிடி தடை முடியுது, எல்லாரும் கடலுக்குப் போறாங்க. மாமா பறக்கிறாரு. வேற வாங்கியாந்து போட்டா ஒரு வாரம் காய உடணும். ஒரு சீசன் தாங்கும்னு நெனச்சேன் சார். அடுத்த தடைக்கு ஏத்தசொல்ல மாத்திக்கலாம்னு நெனச்சேன்."

அந்தப் படகு மூன்றரை மாதம் தாங்கியிருக்கிறது.

அவன் மணலில் குந்திவிட்டான். "சார், அக்காவுக்கு மட்டும் தெரிய வாணாம் சார். அது ஒண்ணுதான் எனக்கு கீது" என்றான். நான் சரி என்று தலையாட்டினேன். அதில் எனக்குச் சிரமம் எதுவும் தெரியவில்லை. எந்தப் பசை என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

அதோடு, ஒரு படகு ஒரே ஒரு காரணத்தால் மூழ்கி நான் பார்த்ததில்லை. வால்வுக்கு உள்பக்கம் தாங்கலாக ஒரு பலகைத் துண்டு வைத்திருக்க வேண்டும், அது இல்லை. படகைக் கட்டினவர்களே வைக்காமல் விட்டது அது. தண்ணீர் ஏறினால் தானாக ஓட வேண்டிய பம்பின் சுவிட்சில் வலைநூல் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டியவர் இறந்துபோனவரே. எல்லாவற்றையும் எழுதினேன். அடிவால்வு தளர்ந்து நீர் புகுந்தது என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து நானும் மனைவியும் வீடு திரும்பியபோது, வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். படகுக்காரரின் மனைவி. திருவொற்றியூரிலிருந்து பஸ் பிடித்து, விலாசம் விசாரித்து வந்திருந்தார். உள்ளே உட்காரச் சொன்னோம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மனைவி கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது."

"கேளும்மா."

"அந்த வால்வைச் சுத்திப் போட்டிருந்தது வெள்ளையா, கறுப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். தம்பி ஒரு அட்டையில் பசையின் பெயரை எழுதிக் கொடுத்து, ராயபுரத்தில் படகுச் சாமான் விற்கிற கடையில் வாங்கி வரச் சொன்னானாம். கறுப்பு என்றும் சொல்லி அனுப்பினானாம். அந்தக் கடையில் தீர்ந்துவிட்டது, இரண்டு நாள் ஆகும் என்றார்களாம். அவர் திரும்பி வரும் வழியில் வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடச் சாமான் கடையில் ஏறிக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, இதுவும் அதேதான், தண்ணித் தொட்டிக்கே இதைத்தான் போடுறாங்க என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"நான் வாங்கியாந்து குடுத்தேன். அவன் ஒண்ணும் கேக்கல. பாவம், அக்கா வாங்கியாந்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சி போட்டிருப்பான். சொல்லு சார். வெள்ளையா?"

"வெள்ளைதாம்மா" என்றேன்.

"அத்தனாலதானா?"

"அதுவும் ஒரு காரணம்."

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கக் கூடாது. பலகை இல்லாததைச் சொல்லியிருக்க வேண்டும், பம்பைச் சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் பார்த்து முடிவெடுத்தது கையில் பசையைப் பிடித்தவன்தானே தவிர கடைக்குப் போனவள் இல்லை என்பதை வேறு விதத்திலாவது உணர்த்தியிருக்க வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்திக்கொண்டேன். படிவம் நிரப்புகிற பழக்கம். அவர் "அதுவும்" என்பதைக் கேட்கவே இல்லை.

எழுந்து நின்று, காப்பியை அப்படியே மேஜை மேல் வைத்தார். "தம்பிகிட்ட சொல்லிடாதீங்க சார். நான் வாங்கியாந்ததாலதான் மாமா பூட்டாருன்னு தெரிஞ்சா அவன் என்னை ஏறெடுத்துப் பாக்க மாட்டான்" என்றார். அதற்கும் நான் தலையாட்டினேன்.

அவர் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி சொன்னதையும் சேர்த்து. ரெண்டு பேரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டால் ரெண்டு பேருக்கும் பாரம் குறையுமே என்றேன். அவள் காப்பித் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "அவங்கவங்க பாவத்தை அவங்கவங்க வந்து உங்ககிட்ட சொன்னாங்க. அத எடுத்துட்டுப் போய் வூடு வூடா குடுக்க நீங்க யாரு? பாவசங்கீர்த்தனம் கேக்குற சாமியாரே வெளிய சொல்ல மாட்டாரு" என்றாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பெண்கள் எதையும் மூடி வைக்கத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சில மாதங்கள் அந்தக் குடும்பத்தை நான் அடிக்கடி பார்த்தேன். காகிதத்தில் ஒரு கையெழுத்து, ஒரு சான்றிதழ் என்று ஏதாவது சாக்கு இருந்தது. சாக்கு இல்லாதபோதும் போனேன். தம்பி படகு வேலையை விட்டுவிட்டிருந்தான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரியில் கம்பி ஏற்றுகிற வேலைக்குப் போனான். பிட்டர் கையை வைத்துக்கொண்டு மூட்டை தூக்குகிறவன் மாதிரி ஆகிவிட்டான். தங்குகிற அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டோடு வந்துவிட்டான். காலையில் அக்கா மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவான். கூரை ஒழுகினால் அவன், தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு அவன். அக்கா மீன் விற்றுவிட்டு வந்து, குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைப்பாள். "நீ துன்னுக்கா" என்பான். "எனுக்கு வாணாம், நீ துன்னு" என்பாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இதைச் செய்வதை நான் அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

தனியாகப் பிடித்தால் இரண்டு பேரும் என்னிடம் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். டீக்கடையில் தம்பி சொன்னான்: "அக்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல சார். நீதானேடா வால்வு மாட்டினன்னு ஒருதபா கேட்டாகூட போதும். அது கேக்க மாட்டேங்குது." அக்கா மார்க்கெட்டில் கூடைக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்: "அவன் என்னைத் திட்டிட்டாக்கூட தேவல சார். இவ்ளோ நல்லவனா கீறானே, அதான் தாங்கல."

உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு நடுவில் இருப்பது ஆரம்பத்தில் ஏதோ பெரிய மனுஷத்தனம் போல இருந்தது. பிறகு அதுவே எனக்கு நெஞ்சில் ஏறிக்கொண்டது. இறக்கிவைக்க இடம் தேடினேன் என்பதுதான் சரி. அவர்களுக்காகத்தான் என்று அப்போது என்னை நம்பவைத்துக்கொண்டேன்.

வருஷத் திதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மத்தியானம் அக்கா மறுபடியும் என் வீட்டுக்கு வந்தாள். மனைவி அப்போது வெளியே போயிருந்தாள். இந்தத் தடவை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"முடிவு பண்ட்டேன் சார். திதியன்னிக்கு அவன்கிட்ட சொல்லிடப் போறேன். நான்தான்டா அந்தப் பசைய மாத்தி வாங்கியாந்தேன்னு. திட்டினா திட்டட்டும், அடிச்சா அடிக்கட்டும்."

"சொல்லும்மா, தைரியமா சொல்லு" என்றேன். அங்கேயே நின்றிருக்கலாம். "அவன் ஒண்ணும் நெனைக்க மாட்டான். அவனுக்கு அன்னைக்கே தெரியும்."

"இன்னா தெரியும்?"

வாயிலிருந்து வந்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வார்த்தை வருவதற்கு முன்னால் ஒரு நொடி இருந்தது. அந்த நொடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொன்னால் எனக்கு இலேசாகும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கை வெட்டினதும் வாசனை வந்ததை, கிரேன் நின்றதை, ஒரு சீசன் தாங்கும் என்று அவன் கணக்குப் போட்டதை. உன்மேல் மட்டும் பழி இல்லை, அவனும் பங்குதான், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று முடித்தேன். அவள் அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் அழவில்லை.

"தெரிஞ்சுமா போட்டான்?" என்றாள்.

"அவசரத்துல…"

"நான் படிக்காதவ சார். கடைக்காரன் இத்தான் அதுன்னான், நம்பிட்டேன். அவன் தொழில்காரன். தப்புன்னு தெரிஞ்சி, அத்தப் போட்டு, மாமாவை அதுல ஏத்தி அனுப்பினானா? எங்கூட்டுக்காரரு கடைசில லுங்கியக் கையில சுருட்டிகினு அந்த ஓட்டையத்தான் தேடினாரு. எந்த ஓட்டன்னு அவருக்கே தெரியல. இவனுக்குத் தெரியும்ல? அன்னிக்கி கரையில இருந்தவன் ஒருவார்த்தை சொல்லி அனுப்பிருந்தா மொதல்ல அங்க கை வெச்சிருப்பாரே."

இத்தனை மாதத்தில் நான் யோசிக்காத ஒன்றை அவள் ஒரே நிமிஷத்தில் யோசித்துவிட்டாள்.

"ஒரு வருசமா எம் மேலயே பழிய போட்டுகினு, அவனுக்கு ஆக்கிப் போட்டுகினு இருந்தேன் பாரு" என்று எழுந்து போய்விட்டாள். தெருமுனை வரை பின்னால் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தம்பி போன் செய்தான். பின்னால் லாரி சத்தம் கேட்டது. "இன்னா சார் பண்ட்டீங்க" என்றான். கோபமாக இல்லை. கேள்வியாகக்கூட இல்லை. அவன் துணிகளை ஒரு கோணிப் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டாளாம். கதவு சாத்தியிருந்ததாம். உள்ளே அந்தப் பெண் குழந்தை மாமா மாமா என்று அழுவது கேட்டதாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிவிட்டானாம். அவள் பசை வாங்கிவந்ததைச் சொன்னாளா என்று கேட்டேன். "அது எனக்கு அன்னிக்கே தெரியும் சார். அட்டைய நான்தானே எழுதிக் குடுத்தேன். கடைசி வரைக்கும் அக்காவுக்குத் தெரிய வாணாம்னு நெனச்சேன், அது வாங்கியாந்தது தப்புன்னு" என்றான்.

எண்ணூர் மணலில் குந்தி, அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவன் கேட்டபோது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

திதி முடிந்த மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, விட்டுப்போனதையெல்லாம் சொன்னேன். பலகை இல்லாததை, பம்பில் நூல் சுற்றிக் கிடந்ததை, பசையை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது என்பதை, அவளை நினைத்துத்தான் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்பதை. நிலையில் கை வைத்தபடி பொறுமையாகக் கேட்டாள்.

"இத்தல்லாம் நான் மொதல்ல வந்தன்னிக்கே சொல்லிருக்கலாமே சார்" என்றாள். "இப்ப நீ இன்னா சொன்னாலும் எனுக்கு அவன் மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வருது. வாசனை தெரிஞ்சும் போடுற மூஞ்சி." பிறகு, உள்ளே அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பூசையில் அவர்கள் இருவருக்காகவும் வேண்டிக்கொண்டதாக மட்டும் சொன்னாள். எனக்காக வேண்டிக்கொண்டாளா என்று கேட்கத் தோன்றவில்லை.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. அவள் இன்னும் மீன் விற்கிறாள். தேரடி பஸ் ஸ்டாப்பில் எப்போதாவது எதிரே பார்ப்பேன். "நல்லா கீறீங்களா சார்" என்று மரியாதையாகக் கேட்பாள். பஸ் வரும், ஏறிவிடுவாள்.

தம்பி மங்களூர்ப் பக்கம் போய்விட்டான். போன மாதம் ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டான். அங்கே ஒரு படகுப் பட்டறையில் மறுபடியும் பிட்டர் வேலையாம். ஒரு படகுக்கு அடியில் பிளாஸ்டிக் விளிம்பு வைத்த வால்வு மாட்ட வேண்டும், பி.யூ. போடவா பாலிசல்பைடு போடவா என்று கேட்டான். அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பாலிசல்பைடு ஆகாது, பி.யூ. போடு, பைபரை நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போடு, பலகை வை, நட்டை முதல் தடவையே முழுசாக இறுக்கிப் பசையைப் பிதுக்கிவிடாதே, ஒரு வாரம் காயட்டும் என்றேன். அவனுக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டான்.

போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"பாப்பா இப்ப எத்தினியாவது சார் படிக்கிது? பத்தாவதா?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன்.